நுரையீரல் பிரஷர் மெஷினாம்! 14,800 ரூபாய் போச்சு

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன்: 14,800 ரூபாய். நேற்று மதியம்தான் அந்த மெஷினை விற்ற ஆள் என் எண்ணை பிளாக் செய்தான். சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன். என்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என் மகளுக்கு இரண்டு வயது. போன மாதம் கடும் நிமோனியா, ஐந்து நாள் ஐசியு. எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்) எடுத்த டாக்டர், "நுரையீரல் தமனியில பிரஷர் 41 இருக்கு. ஆக்சிஜன் குறைஞ்சா அங்க ரத்தக்குழாய் சுருங்கும், இதயத்தோட வலது பக்கம் திணறும். நெஞ்சு சரியானா பெரும்பாலும் தானா இறங்கிடும். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி பார்ப்போம்" என்றார். அந்த இரண்டு வாரத்தை எப்படித் தள்ளுவது? ராத்திரி ஒரு மணிக்குப் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம் வந்தது. மருத்துவக் கருவிகள் விற்கும் ஆன்லைன் கடை. விரலில் மாட்டினால் நுரையீரல் பிரஷர் தெரியுமாம்.

மறுநாள் அந்தக் கடைக்காரனே கூப்பிட்டான். "அண்ணா, எனக்கும் ரெண்டு வயசுல பையன் இருக்கான், அவனுக்கும் இதே நிமோனியாதான்" என்றான். அப்புறம், "பாப்பா பேர் என்னண்ணா? நாளைக்குக் கோயிலுக்குப் போறேன், அர்ச்சனை பண்ணிடறேன்" என்றான். அங்கேதான் விழுந்தேன். மகள் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டு, அதே கையோடு 14,800 ரூபாயை அனுப்பினேன்.

பெட்டி வந்தது. திரையில் மேலே ஆக்சிஜன், கீழே பிரஷர். மகளுக்கு 25. எனக்கு 25. அம்மாவுக்கும் 25. எல்லாம் நார்மல் என்று நிம்மதியாகத் தூங்கினோம், வெட்கக்கேடு. நான்காம் நாள் இரவு என் மனைவிதான் குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து மூச்சை எண்ணினாள்: நிமிடத்துக்கு 54. இந்த வயதில் 40-ஐத் தொட்டாலே வேகமான மூச்சு. அப்போதும் மெஷினில் 97, 25. ஆஸ்பத்திரியில் பார்த்தால் ஆக்சிஜன் 89. உடனே மாஸ்க் போட்டார்கள்.

டாக்டரிடம் மெஷினைக் காட்டினேன். அவர் திட்டவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. வலது இதய வால்வில் பின்னோக்கிக் கசியும் ரத்தத்தின் வேகத்தை எக்கோவில் அளந்து, அதிலிருந்துதான் நுரையீரல் பிரஷரைக் கணக்கிடுவார்களாம். வேகம் நொடிக்கு 3 மீட்டர் என்றால், அதன் வர்க்கத்தை நாலால் பெருக்கி 36, வலது மேலறையின் அழுத்தம் 5 சேர்த்தால் 41. அதுவும் மதிப்பீடுதான். நேரடியாக அளக்க வேண்டுமென்றால் ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் டியூப் விட வேண்டும். விரலில் கிளிப் மாட்டி அதைப் பார்க்க வழியே இல்லை. வீட்டுக்கு வந்து அந்தக் கிளிப்பை ஒரு வெண்டைக்காயில் மாட்டினேன். 97, 25. வெண்டைக்காய்க்கும் நுரையீரல் நன்றாக இருக்கிறது!

கடைக்குப் போன் போட்டால், "சார்ஜ் போட்டீங்களா சார்?" அடுத்த முறை, "குழந்தை கையை ஆட்டியிருக்கும் சார்." மூன்றாம் முறை வேறு ஒரு பெண், "பெட்டியைப் பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது சார்." அர்ச்சனை செய்வதாகச் சொன்னவனிடம் கேட்டால், "பில்லைப் படிங்க" என்கிறான். படித்தேன்: "ஃபிட்னஸ் பொருள், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல." வெண்டைக்காய் வீடியோவை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, அதோடு பிளாக். 14,800 ரூபாய்!

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. பணத்தை முன்கூட்டி அனுப்பாதீர்கள். வாங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மெஷின் என்ன காட்டினாலும் மூச்சை எண்ணுங்கள். ஏமாந்தால் உடனே 1930 (ஆன்லைன் மோசடிக்கான உதவி எண்), நுகர்வோர் புகாருக்கு 1915. நான் இரண்டுக்கும் போட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி எக்கோ. அதற்கு மச்சானிடம் கடன் கேட்டிருக்கிறேன்.