கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் லாங்குவேஜ் சர்வர்: நியோவிமில் பொருத்திப் பார்த்த அனுபவம்

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்பது நிரலைச் சோதிப்பது, வெளியிடுவது போன்ற வேலைகளைக் கிட்ஹப்பில் தானாக ஓட்டும் வசதி. அதற்கான கோப்பை எழுதுகிறவர்களுக்கு ஓர் எரிச்சல் நன்றாகப் பழக்கம். ஒரு வரியைத் திருத்தி, கமிட் செய்து (மாற்றத்தைப் பதிவுசெய்து), புஷ் செய்து (கிட்ஹப்புக்கு அனுப்பி), அது ஓடித் தோற்கும்வரை காத்திருந்து மறுபடியும் அதே வரிக்கு வர வேண்டும். கமிட் வரலாறு முழுக்க "திருத்தம்", "இன்னொரு திருத்தம்", "இதுதான் கடைசி" என்று கிடக்கும். கிட்ஹப் திறந்த மூலமாக வெளியிட்டிருக்கும் லாங்குவேஜ் சர்வர் (எழுதும்போதே எடிட்டரில் பிழை காட்டும் நிரல்) வந்தபின் என் பக்கத்தில் அந்தக் கூத்து பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது.

அதற்கு முன் ரெட் ஹேட்டின் யாமல் சர்வரை வைத்திருந்தேன். யாமல் என்பது இந்தக் கோப்புகள் எழுதப்படும் வடிவம். அது நல்ல கருவிதான். கோப்பு வடிவங்களின் விதிகளை (ஸ்கீமா) தொகுத்து வைத்திருக்கும் ஸ்கீமா ஸ்டோரிலிருந்து ஆக்‌ஷன்ஸுக்கான ஸ்கீமாவை எடுத்துக்கொண்டு, எந்த இடத்தில் எந்தச் சாவிச்சொல் வரலாம் என்று சரியாகச் சொல்லும். ஆனால் அதற்குத் தெரிந்தது கோப்பின் வடிவம் மட்டும். ஒரு ஜாப் (வேலைத் தொகுதி) எந்த ஜாப் முடிந்தபின் ஓட வேண்டும் என்று சொல்லும் 'நீட்ஸ்' என்ற இடத்தில் 'பில்ட்' என்பதற்குப் பதில் 'பிலுட்' என்று எழுதினாலும் கண்டுகொள்ளாது. அங்கே ஒரு சரம் வர வேண்டும், வந்திருக்கிறது, அவ்வளவுதான் அதன் கணக்கு. கிட்ஹப்பின் சர்வரோ அப்படி ஒரு ஜாப் இந்தக் கோப்பில் இல்லையே என்று உடனே அடிக்கோடிடும்.

இதைவிட முக்கியமானது, ஓர் ஆக்‌ஷனுக்கு (ஜாப்பில் பயன்படுத்தும் ஆயத்தப் படிக்கு) உள்ளீடுகளைக் கொடுக்கும் 'வித்' பகுதி. செக்அவுட் ஆக்‌ஷன் இயல்பாகக் நம் களஞ்சியத்தின் கடைசி கமிட் ஒன்றை மட்டுமே இறக்கும். டேக்குகளை (பதிப்புக் குறிகளை) பார்த்துப் பதிப்பு எண் உருவாக்க வேண்டுமென்றால், வரலாறு முழுவதையும் இறக்க 'ஃபெட்ச்-டெப்த்' 0 என்று கொடுக்க வேண்டும். நடுவில் சிறுகோட்டுக்குப் பதில் அடிக்கோடு போட்டுவிட்டால் என்ன ஆகும்? ஜாப் நிற்காது. எதிர்பாராத உள்ளீடு என்று பதிவின் ஒரு மூலையில் மஞ்சள் எச்சரிக்கை வரும். செக்அவுட் பச்சையாகவே முடியும். அதற்குப் பிறகு வேறு ஏதோ ஒரு படியில், பதிப்பு எண் ஏன் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். இந்தச் சர்வர் அந்த ஆக்‌ஷனின் விவரக் கோப்பையே படித்துப் பார்த்து, தட்டச்சு செய்யும்போதே பிழையைக் காட்டிவிடுகிறது. இந்த ஒன்றுக்காகவே இதை நிறுவலாம்.

ஓட வேண்டிய நேரத்தைக் குறிக்கும் கிரான் வரியின் மேல் நின்றால் அது எப்போது ஓடும் என்று வாக்கியமாகச் சொல்கிறது. மணி இயல்பாக யுடிசி (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்) என்பதை மட்டும் நாம்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். காலை 6 மணிக்கு ஓட '30 0 * * *' என்று எழுத வேண்டிய நாட்டில் இருக்கிறோம்.

பொருத்துவது எப்படி? விஎஸ் கோடில் கிட்ஹப்பின் அதிகாரபூர்வ நீட்சியை நிறுவி உள்நுழைந்தால் முடிந்தது. முனையத்தில் ஓடும் எடிட்டரான நியோவிமில் கொஞ்சம் கைவேலை உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளை நிறுவும் என்பிஎம் வழியாகச் சர்வரை நிறுவ வேண்டும். நியோவிம் 0.11 வந்த பிறகு, எல்எஸ்பி-கான்ஃபிக் (லாங்குவேஜ் சர்வர்களுக்கான ஆயத்த அமைப்புகளின் தொகுப்பு) இருந்தால் இயக்குவதற்கு ஒரே வரி போதும். ஆக்‌ஷன்ஸ் கோப்புகளை வைக்கும் வொர்க்ஃப்ளோஸ் அடைவுக்குள் இருக்கும் கோப்புகளில் மட்டுமே அது விழித்துக்கொள்ளும்படி அங்கேயே ஏற்பாடு இருக்கிறது. இல்லையென்றால் அதே யாமலில் எழுதப்படும் டாக்கர் கம்போஸ் கோப்பும் சிவப்பாகிவிடும். யாமல் சர்வரையும் சேர்த்து ஓடவிட்டால் ஒரே பிழையை இருவரும் சொல்வார்கள். இந்த அடைவுக்கு அதை நிறுத்திவிடுவது நல்லது.

கிட்ஹப்பை அணுகுவதற்கான அனுமதிச் சாவியான டோக்கன்தான் இதில் சறுக்கும் இடம். அது இல்லாமலும் சர்வர் ஓடும், ஆனால் மேலே சொன்ன 'வித்' சோதனை நடக்காது. கிட்ஹப்பில் சேமித்திருக்கும் சீக்ரெட்டுகளின் (கடவுச்சொல் போன்ற ரகசியங்களின்) பெயர்களையும் எடுத்துத் தராது. இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பாதி வேலையோடு நின்றுவிடுகிறது என்பதற்காக ஐந்தில் ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன். டோக்கனை அமைப்புக் கோப்பில் எழுதி வைக்காதீர்கள். கிட்ஹப்பின் கட்டளைவரிக் கருவியிடம் அப்போதைக்கப்போது கேட்டு வாங்கும்படி செய்துவிடலாம். சீக்ரெட்டுகளின் மதிப்பு வெளியே வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். கிட்ஹப்பின் ஏபிஐ (தகவல் தரும் இடைமுகம்) பெயர்களைத்தான் தரும், மதிப்பைத் தராது.

'ரன்' பகுதியில் எழுதும் ஷெல் கட்டளைகளில் பிழை பார்ப்பதற்கு ஆக்‌ஷன்லின்ட் என்ற தனிக் கருவி இருக்கிறது. ஷெல் நிரல்களைச் சோதிக்கும் ஷெல்செக் நிறுவியிருந்தால் அந்த வரிகளை அதனிடம் கொடுத்துச் சோதிக்கும். நான் அதைப் புஷ்ஷுக்கு முன் தானாக ஓடும் ஹூக்கில் போட்டுவிட்டேன்.