கிரேஜ் நிறச் சுவர்கள்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கூடம், படுக்கையறை, இரண்டையும் இணைக்கும் நடை ஆகியவற்றுக்குச் சாம்பல் கலந்த வெளிர் பழுப்பு நிறம் அடித்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. வண்ண அட்டைகளில் கிரேஜ் என்று குறிப்பிடப்படும் வகை இது. மறுபடியும் தேர்ந்தெடுக்க நேர்ந்தால் இதையே எடுப்பேன்.

இந்த நிறத்தை அட்டையில் பார்த்து முடிவு செய்ய முடியாது. இதன் அடியில் மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு சாயல் ஒளிந்திருக்கும். அதை வெளியே கொண்டுவருவது அறையின் வெளிச்சம்தான். எங்கள் படுக்கையறையில் நேர் வெயில் படுவதில்லை. வானத்திலிருந்து வரும் நீலம் தோய்ந்த ஒளி மட்டுமே உள்ளே விழுவதால், அங்கே சுவர் பகல் முழுவதும் சாம்பலாகவே தெரிகிறது. அதே டப்பாவிலிருந்து அடித்த கூடமோ மாலை வெயிலில் சந்தன நிறத்துக்கு வந்துவிடுகிறது. ஒரே வண்ணம் இப்படி இரு முகம் காட்டுவதை நான் குறையாகக் கருதவில்லை. ஆண்டுகள் கடந்தும் சலிக்காததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். இரவில் மட்டும் கவனம் வேண்டும். நீலம் தோய்ந்த வெள்ளை ஒளி தரும் 6500 கெல்வின் விளக்கின் கீழ் உயிரற்றுத் தெரிந்த சுவர், மஞ்சள் ஒளி தரும் 3000 கெல்வினுக்கு மாற்றிய பிறகு இதமான தோற்றத்துக்குத் திரும்பியது.

வெளிச்சம் குறைந்த நடைக்கு, வண்ணம் ஒளியை எவ்வளவு திருப்பியனுப்பும் என்பதைக் குறிக்கும் எல்ஆர்வி எண்ணைப் பார்ப்பது நல்லது. கருமைக்கு 0, தூய வெண்மைக்கு 100 என்ற அளவில், 60-க்கு மேற்பட்ட ஷேடுதான் எங்கள் நடையை இருட்டாக்காமல் காத்தது.

மேற்கூரையை நீலச் சாயலுள்ள பளீர் வெள்ளையாக விட்டால், பக்கத்துச் சுவர் அழுக்கேறியதுபோல் தோன்றும். மஞ்சள் சாயல் லேசாகக் கலந்த வெள்ளை அங்கே பொருந்துகிறது. மரச்சாமான்களும் பிரம்பும் அடர்நீலத் துணிகளும் இந்தச் சுவருக்கு முன் அழகாக நிற்கின்றன. தூய சாம்பல் நிற சோபா ஒன்றை வைத்தபோதோ சுவரில் இளஞ்சிவப்பு தெரியத் தொடங்கியது. அதை வேறு அறைக்கு மாற்றினோம்.

நீண்ட காலப் பயன்பாட்டில் வேறுபாட்டை உண்டாக்கியது நிறத்தைவிடப் பூச்சின் தன்மையே. பளபளப்பில்லாத மேட் பூச்சு சுவரின் மேடுபள்ளங்களை நன்றாக மறைக்கிறது. ஆனால் சுவிட்சுப் பலகையைச் சுற்றிக் கை பட்டுப் பட்டு அங்கங்கே மினுமினுப்பு ஏறிவிட்டது; தேய்த்துத் துடைத்தால் அது கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. நடையில் அடித்த, லேசான பளபளப்புள்ள சாட்டின் பூச்சு ஈரத்துணிக்கு ஈடுகொடுக்கிறது என்றாலும், ஓரிடத்தை மட்டும் தொட்டுப் பூசினால் அந்தத் திட்டு பக்கவாட்டு வெளிச்சத்தில் தனியாகத் தெரியும். நிறம் மங்கியதாகத் தெரியவில்லை. மாட்டியிருந்த படங்களைக் கழற்றிப் பார்த்தபோதும் அடியில் வேறுபாடு இல்லை. இத்தகைய நிறங்களுக்குப் பெரும்பாலும் பயன்படும் இரும்பு ஆக்சைடு நிறமிகள் ஒளியைத் தாங்கி நிற்பவை.

அடுத்த முறை சுவிட்சுப் பலகைகள் உள்ள சுவர்களுக்கு மட்டும், இதே ஷேடைச் சாட்டினில் அடிக்கப்போகிறோம்.