பார்ப்பதற்கு 300 ரூபாய்

வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மடிக்கணினி சென்னையில் பழுதானால், சுற்றியிருப்பவர்கள் முதலில் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "உங்கள் ஊர் சார்ஜர் நம் கரண்டுக்கு ஒத்துவராது." ஜெர்மனியிலிருந்து நான் கொண்டுவந்தது பழுதானபோது என் மாமாவும் அதையே சொன்னார். ஜெர்மனியிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், இந்தியாவிலும் அதேதான். சார்ஜரைத் திருப்பிப் பார்த்தால் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று அச்சிட்டிருக்கும். ஆகவே கரண்டின் மேல் பழி இல்லை. ஜெர்மன் பிளக்கின் மேல் வேண்டுமானால் கொஞ்சம் உண்டு. அதன் எர்த் இணைப்பு பக்கவாட்டு உலோகப் பட்டைகளில் இருக்கிறது. நம் ஊர் சாக்கெட்டில் இரண்டு முனைகளும் எப்படியோ நுழைந்துவிடும். எர்த் மட்டும் எதையும் தொடாது. உலோக உடம்புள்ள மடிக்கணினியில் கை வைத்தால் சுருக்கென்று ஏறுவது அதனால்தான். மூன்று முனை இந்திய ஒயர் ஒன்றை வாங்கி சார்ஜரில் செருகிக்கொண்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

என் தொல்லை அது இல்லை. கட்டட வரைபட வேலைக்காக வாங்கிய கனமான கணினி என்னுடையது, தனி கிராபிக்ஸ் சிப் உள்ளது. மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் பிள்ளைகளுக்குப் பெந்தெகொஸ்தே விடுமுறை என்பதால், கத்திரி வெயில் முடிவதற்குள்ளேயே குரோம்பேட்டைக்கு வந்து சேர்ந்திருந்தோம். ஒரு மதியம், அலுவலகக் கூட்டத்தின் நடுவே, திரையில் மெல்லிய பச்சைக் கோடுகள் மேலிருந்து கீழாக விழுந்தன. சற்று நேரத்தில் படம் கட்டம் கட்டமாகச் சிதறி, முழுவதும் கறுத்துவிட்டது. பேச்சு மட்டும் நிற்கவில்லை. மேலாளர் மியூனிக்கிலிருந்து என் கருத்தைக் கேட்டார். நான் கறுப்புக் கண்ணாடியில் என் முகத்தையே பார்த்தபடி பதில் சொன்னேன்.

அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால், ஒன்றுமே நடக்காதது போலத் திரை பளிச்சென்று வந்தது. விடியற்காலையில் நெடுநேரம் தாங்கியது. உச்சி வெயிலில் கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. சூட்டுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. மியூனிக்கில் 22 டிகிரியில் இருந்த அறை இங்கே 37. மடிக்கணினியின் விசிறி அறைக்காற்றைத்தான் இழுத்து ஊதுகிறது. அறை 15 டிகிரி ஏறினால் உள்ளே சிப்பும் ஏறக்குறைய அதே அளவு ஏறும். "மேலே ஃபேன் ஓடுகிறதே" என்றார் அம்மா. மேலே ஓடும் விசிறி அறையின் வெப்பத்தைக் குறைப்பதில்லை. வியர்வையை உலர்த்துவதால் நமக்குக் குளிர்கிறது. மடிக்கணினிக்கு வியர்க்காது.

கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை சில உண்டு. மூடியை மெல்லத் திறந்து மூடினேன், கோடுகள் அசையவில்லை. கீலின் வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிள் நைந்திருந்தால், மூடி நகரும்போது படம் வெட்டும் அல்லது திரும்பி வரும். அடுத்து எச்டிஎம்ஐ ஒயரைக் கூடத்து டிவியில் செருகினேன். கோடுகள் அங்கேயும் வந்தன, அதே இடத்தில். இதுதான் முக்கியம். டிவியில் படம் சுத்தமாக இருந்தால் பழுது திரைப் பேனலிலோ கேபிளிலோ இருக்கிறது. டிவியிலும் கோடு விழுந்தால் படத்தை உருவாக்கும் சிப்பின் பக்கம் சந்தேகப்பட வேண்டும். சில கணினிகளில் திரைக்கு ஒரு சிப், எச்டிஎம்ஐக்கு வேறு சிப் என்று இருக்கும் என்பதால் இது எல்லோருக்கும் முடிவான தீர்ப்பு அல்ல. என் கணினியில் இரண்டையும் அந்தத் தனிச் சிப்பே ஓட்டும்படி பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புகளில், வைத்திருந்தேன்.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கணினி நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குப் போனேன். குளிர்சாதன அறை, டோக்கன், பணிவான பேச்சு. குறை சொல்ல ஒன்றுமில்லை. கவுன்ட்டரில் இருந்தவர் தாளை வாங்கவில்லை. வரிசை எண்ணைத் தட்டினார். ஜெர்மனியில் வாங்கியது, இங்கே வாரண்டி கிடையாது என்றார். அது நியாயம்தான். பிறகு, "டிஸ்ப்ளே பிரச்சினைக்கு மதர்போர்டும் பேனலும் மாற்ற வேண்டும் சார்" என்று 60,000 ரூபாயைத் தாண்டும் ஒரு மதிப்பீட்டை நீட்டினார். திருகாணி ஒன்றுகூடக் கழற்றப்படவில்லை. டிவியில் போட்டுப் பார்த்ததைச் சொன்னேன். "அதனால்தான் சார் மதர்போர்டையும் சேர்த்திருக்கிறோம்" என்றார். அப்படியென்றால் பேனல் எதற்கு என்று நான் கேட்டதற்கு அவரிடம் ஒரு புன்னகை இருந்தது.

வீட்டுக்கு அருகே ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே போகும் தெருவில் இருந்த கடையில் இன்னும் வேகம். "செக்கிங் ஃப்ரீ" என்று வாசலிலேயே எழுதியிருந்தது. இளைஞர் ஒருவர் போட்டுப் பார்த்தார். கணினி அப்போது ஆறியிருந்ததால் படம் நன்றாகவே வந்தது. ஆனாலும், "பேனல்தான் சார். ஒரிஜினல் சாயங்காலத்துக்குள் வந்துவிடும்" என்றார். கணினியை விட்டுவிட்டுப் போகச் சொல்லி, பாஸ்வேர்டை ஒரு ஸ்டிக்கரில் எழுதி மூடியின் மேல் ஒட்டச் சொன்னார். அந்த மேசையில் அப்படி ஸ்டிக்கர் ஒட்டிய கணினிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. யார் யாருடைய வங்கிக் கணக்கும் குடும்பப் படங்களும் அதில் திறந்து கிடந்தனவோ. எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போவதென்று முடிவானதும் மாமாவும் உடன் வந்தார். பேரம் பேச ஆள் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். கிண்டியில் மெட்ரோவுக்கு மாறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சுற்றியுள்ள சந்துகள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே ரிச்சி தெரு என்று பெயராகிவிட்டது. முதல் கடை வாசலிலேயே ஒரு பையன் பையின் கனத்தைப் பார்த்து, "சிப் பிரச்சினையா அண்ணே? ரீபாலிங் செய்தால் புதிது மாதிரி ஆகிவிடும், மூவாயிரம்தான்" என்றான். சிப்பைக் கழற்றி, அடியிலுள்ள சால்டர் உருண்டைகளை மாற்றி ஒட்டுவதுதான் ரீபாலிங். பையை நான் திறக்கவே இல்லை.

தெரிந்தவர் சொல்லியனுப்பிய கடை ஒரு மாடியில் இருந்தது. ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு, மேலே போனால் சால்டரிங் வாடை. முன்பு டிவி பழுது பார்த்துக்கொண்டிருந்தவராம். எல்லோரும் அவரை பாய் என்றே அழைத்தார்கள். மேசைக்கு மேலே அட்டையில் கையால் எழுதித் தொங்கவிட்டிருந்தது: செக்கிங் 300 ரூபாய்.

மாமாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "பார்ப்பதற்கே காசா பாய்? இது என்ன நியாயம்?"

"பார்ப்பதுதான் சார் வேலையே. மாற்றுவதை என் பையனே செய்துவிடுவான்."

நான் கொடுத்துவிட்டேன். அந்த 300 ரூபாய்க்கு அவர் செய்தது இது: முதலில் என் தாளை வாங்கி முழுவதும் படித்தார். காலையில் எவ்வளவு நேரம் ஓடுகிறது, மதியம் எவ்வளவு நேரம், மெத்தையில் வைப்பதுண்டா என்று கேட்டார். பாஸ்வேர்டு கேட்கவில்லை, தன் பென் டிரைவைச் செருகி அதிலிருந்தே கணினியைக் கிளப்பினார். ஒரு மானிட்டரை இணைத்து, சிப்புக்கு முழு வேலை கொடுக்கும் மென்பொருளை ஓடவிட்டு, ஏறும் வெப்பத்தை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டே வந்தார். 94 டிகிரியில் இரண்டு திரைகளிலும் கோடுகள் விழுந்தன. உடனே ஒரு சிறிய மேசை விசிறியை இழுத்து, கணினியின் அடிப்பக்கத் துளைகளுக்கு நேராக வைத்தார். எண் மெல்ல இறங்கியது. 80-ஐத் தொடுவதற்குள் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. "பேனல் நன்றாக இருக்கிறது தம்பி. அதற்குக் காசு கொடுக்காதீர்கள்" என்றார்.

அதன்பிறகுதான் திருகாணிகளுக்கு வந்தார். விசிறியைக் கழற்றியதும், அதற்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு போல ஒரு சாம்பல் நிறப் படலம். ட்வீசரால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். கிழியாமல் முழுசாக வந்தது. மியூனிக் வீட்டின் தரைவிரிப்பு இழைகளும் குரோம்பேட்டைத் தூசியும் கலந்த சமாச்சாரம் அது. விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று போக வழியே இல்லை. சூட்டைக் கடத்துவதற்காகச் சிப்பின் மேல் பூசியிருந்த பேஸ்ட் சுண்ணாம்பாக உலர்ந்து விரிசல் விட்டிருந்தது. நகத்தால் தொட்டதும் உதிர்ந்தது. பக்கத்து நினைவகச் சிப்புகளின் மேல் இருந்த மெத்தென்ற பட்டைகளில் ஒன்று கிழிந்து, எண்ணெய் கசிந்திருந்தது. எல்லாவற்றையும் ஆல்கஹாலால் துடைத்து, பட்டைகளை மாற்றி, புதிய பேஸ்ட் வைத்து மூடி, மறுபடியும் அதே சோதனையை ஓட்டினார். இந்த முறை 76-ஐத் தாண்டவில்லை. கோடுகளும் வரவில்லை.

மாமாவுக்கு அத்துடன் வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. பாய் விடவில்லை. 94 டிகிரியில் ஒரு நல்ல சிப் இப்படிக் கோடு போடக் கூடாது, வேகத்தைத்தான் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார். பல நாள் சூட்டில் உள்ளே ஒரு பலவீனம் தொடங்கியிருக்கிறது. சூடு குறைந்ததால் இப்போதைக்கு அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கீழே பையன் சொன்ன ரீபாலிங்கைப் பற்றிக் கேட்டேன். "செய்யலாம். நான் செய்ய மாட்டேன்" என்றார்.

அவர் சொன்ன காரணம் எனக்கு ஏற்புடையது. சிப்புக்கும் அதன் அடித்தட்டுக்கும் இடையே மயிரிழையளவு சால்டர் புள்ளிகள் இருக்கின்றன. தட்டுக்கும் போர்டுக்கும் இடையே சற்றுப் பெரிய உருண்டைகள். ரீபாலிங் மாற்றுவது அந்தப் பெரிய உருண்டைகளை. விரிசல் பெரும்பாலும் உள்ளே இருக்கும் சிறிய புள்ளிகளில். ரீபாலிங்குக்காகக் காட்டும் சூட்டிலேயே அவை தற்காலிகமாக ஒட்டிக்கொள்வதால் வாடிக்கையாளர் மகிழ்ந்து போகிறார். சில வாரங்களில் திரும்பி வருகிறார். இது ரிச்சி தெருவின் கதை மட்டும் அல்ல. 2008-இல் என்விடியா நிறுவனம் தன் மடிக்கணினிச் சிப்புகளில் இதே பலவீனத்துக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. 2011 முதல் 2013 வரை விற்ற சில மேக்புக் ப்ரோக்களில் திரை சிதறுவதற்காக ஆப்பிள் 2015-இல் இலவசப் பழுதுநீக்கத் திட்டமே தொடங்க வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் போர்டைக் கழற்றிச் சமையலறை ஓவனில் வைத்து எடுத்தவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள், அதே ஓவனில்தான் அடுத்த நாள் கேக் வேகப்போகிறது.

பிறகு பயாஸுக்குள் போய், தனிச் சிப் எப்போதும் ஓடும்படி இருந்ததை மாற்றி, தேவைப்படும்போது மட்டும் விழிக்கும்படி வைத்தார். சர்வீஸ், பட்டை, பேஸ்ட் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய். அதில் செக்கிங் 300-ஐக் கழித்துக்கொண்டார். பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும் என்றார். வேண்டும் என்றேன். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஊரில் சர்வீஸ் மலிவு என்று வெளிநாட்டுத் தமிழர்கள் பெருமையாகச் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன். மலிவு என்பது பாதி உண்மை. பார்ப்பதற்குக் காசு வாங்காத கடை எதையாவது விற்றால்தான் அன்றைய வாடகை தேறும். அதனால் பார்த்த மாத்திரத்தில் பேனல் போய்விடுகிறது. ஜெர்மனியில் மதிப்பீட்டுக்கே கட்டணம் உண்டு, வேலையைக் கொடுத்தால் கழித்துக்கொள்வதும் உண்டு. அங்கே குறை வேறு: கட்டணம் வாங்கிக்கொண்டு பார்த்த பிறகும், போர்டை மாற்று என்பதைத் தாண்டிச் செய்யக்கூடிய கை அரிது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பழுதுநீக்கும் உரிமைக்குச் சட்டம் கொண்டுவந்தபோது துணி துவைக்கும் இயந்திரமும் கைபேசியும் பட்டியலில் ஏறின, மடிக்கணினி ஏறவில்லை. பார்க்கக் கூலி வாங்கும் வழக்கமும் பாயின் கையும் ஒரே ஊரில் அமைவது எங்கேயும் எளிதில்லை போலிருக்கிறது.

மியூனிக் திரும்பிய பிறகு கோடுகள் வரவில்லை. வரும் என்ற எண்ணத்திலேயே எல்லாக் கோப்புகளையும் வெளி வட்டில் படியெடுத்து வைத்திருக்கிறேன். புதிய கணினி விலை கேட்கப் போன கடையில், அடிமூடியை எத்தனை திருகாணி பிடித்திருக்கிறது, விசிறியைத் தனியாகக் கழற்றித் துடைக்க முடியுமா என்று விசாரித்தேன். விற்பனையாளர் சற்று யோசித்துவிட்டு, அது என்னென்ன நிறங்களில் கிடைக்கிறது என்று சொல்லத் தொடங்கினார்.