மார்செய் துறைமுகத்தில் 29 யூரோ புயாபெஸ்: ஏமாந்த கதை

பிரான்சின் மார்செய் நகரத்துக்குப் போகிறவர்கள் பழைய துறைமுகத்தைப் பார்க்காமல் வர மாட்டீர்கள். தாராளமாகப் பாருங்கள். ஆனால் அங்கே வாசலில் நின்று, கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுகிற உணவகத்தில் மட்டும் புயாபெஸ் சாப்பிடாதீர்கள். நானும் மனைவியும் இரண்டு பேர் சாப்பிட்டதற்கு வந்த பில் 132 யூரோ.

புயாபெஸ் என்பது மார்செய்காரர்களின் மீன் குழம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாறை மீன்களோடு தக்காளி, பூண்டு, சோம்புக் கிழங்கு, குங்குமப்பூ சேர்த்துக் கொதிக்கவைப்பது. புளி, காரம் கிடையாது, வாசனைதான் எல்லாமே.

வாசல் பலகையில் 'பாரம்பரிய புயாபெஸ் 29 யூரோ' என்று சாக்பீஸால் எழுதியிருந்தது. உட்கார்ந்தோம். "மீனோடுதானே?" என்று சர்வர் சிரித்தபடி கேட்டார். மீன் குழம்பில் மீன் இல்லாமலா என்று நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு ஆளுக்கு 19 யூரோ. 29 வெறும் சூப்புக்காம்! அடுத்து, "தண்ணீர் சாதாவா, சோடாவா?" சாதா என்றேன். 8 யூரோ வீதம் இரண்டு பாட்டில் வந்து உட்கார்ந்தன.

பத்தே நிமிடத்தில் சாப்பாடு வந்துவிட்டது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒரே கிண்ணத்தில் ஆரஞ்சு நிறச் சாறு, அதில் ஸ்கேல் வைத்து வெட்டியது போலச் சதுரமான வெள்ளை மீன் துண்டுகள், நடுவில் ஒரு சால்மன் துண்டு. மத்தியதரைக் கடலில் சால்மன் ஏது? வெள்ளைத் துண்டு ஒன்றைப் பிட்டால் வெளியே ஆவி பறக்கிறது, உள்ளே ஜில்லென்று இருக்கிறது. மனைவி எதுவும் பேசாமல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

பில்லில் ரொட்டிக்கு 8, கடைசி வரியில் 'சர்வீஸ்' என்று 12. அங்கிருந்தே மனைவியின் மாமாவுக்குப் போன் போட்டோம். புதுச்சேரிக்காரர், பல வருடமாக பிரான்சில் இருப்பவர். எடுத்த எடுப்பில், "தண்ணிக்கா காசு குடுத்தீங்க மாப்ளே?" என்றார்.

அவர் சொல்லித்தான் இதெல்லாம் தெரியும். பிரான்சில் சாப்பிட உட்கார்ந்தால் குழாய்த் தண்ணீரும் ரொட்டியும் இலவசம், 1967-லிருந்தே விதி. 'யூன் கராஃப் தோ, சில் வு ப்ளே' என்று கேட்டால் ஜாடியில் கொண்டுவந்து வைத்தாக வேண்டும். சர்வீஸ் கட்டணம் மெனு விலைக்குள்ளேயே அடக்கம், 1987-லிருந்து. பில்லில் தனியாகச் சேர்க்கக் கூடாது. புயாபெஸுக்கோ 1980-இல் மார்செய் உணவகக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு சாசனமே எழுதி வைத்திருக்கிறார்கள். அதன்படி ராஸ்காஸ், கடல் விலாங்கு மாதிரி குறிப்பிட்ட மீன்களில் குறைந்தது நான்கு வகை இருக்க வேண்டும். சூப் தனித் தட்டு, மீன் தனித் தட்டு. முழு மீனை நம் கண் முன்னால் வைத்து முள் எடுத்துத் தருவார்கள். பல இடங்களில் ஒரு நாள் முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டுமாம். விலையும் ஆளுக்கு 60 யூரோவுக்குக் கீழே அபூர்வம். "29-க்குப் போட்டா அது பாக்கெட் சூப்புதான் மாப்ளே" என்றார்.

'செர்வீஸ் கொம்ப்ரி', அதாவது சர்வீஸ் விலையிலேயே அடக்கம் என்று மேனேஜரிடம் சொன்னேன். என் உச்சரிப்பு எப்படி இருந்ததோ, அவர் முகம் மாறியது. 12 யூரோவைப் பேனாவால் அடித்துக் கொடுத்தார். ரொட்டிக் காசைப் பற்றிக் கேட்டதற்குத் தோளைக் குலுக்கிவிட்டு நகர்ந்துவிட்டார். சரி, 120 போதும் என்று கார்டை நீட்டினால், மெஷினில் 'யூரோவா, ரூபாயா' என்று வந்ததை எனக்குக் காட்டாமல் அவரே ரூபாயை அழுத்திவிட்டார். அந்த மாற்று விலையில் போனது தனி. மெஷினை உங்கள் கையில் வாங்கி யூரோவையே அழுத்துங்கள்.

பிரெஞ்சு அரசின் புகார்த் தளமான சிக்னல்கொன்சோவில் பில் படத்தோடு புகார் எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.

மறுநாள் காலை அதே துறைமுகத்தின் கரையில் மீன் சந்தை. நீலத் தட்டில் சிவப்பாக, தலையெல்லாம் முள்ளாக, வாயைப் பிளந்தபடி கிடந்தது ஒரு மீன். பெயர் கேட்டேன். "ராஸ்காஸ்" என்றார் மீன்காரம்மா. மனைவி குனிந்து பார்த்துவிட்டு, "ஓ, இதுதானா அது" என்றாள்.