குறை எண்களைக் கையில் எடுத்துத் தரும் இருநிறச் சில்லுகள்

குறை எண்களின் கூட்டலையும் கழித்தலையும் கற்பிப்பதற்கென விற்கப்படும் சில்லுப் பெட்டியொன்றை, ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்காக வாங்கி இரண்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். சில்லின் நீலப் பக்கம் மிகை ஒன்று, சிவப்புப் பக்கம் குறை ஒன்று. ஒரு நீலமும் ஒரு சிவப்பும் சேர்ந்த இணை பூச்சியம். பழங்காலச் சீனக் கணக்கர்கள் மிகைக்குச் சிவப்புக் குச்சிகளையும் குறைக்குக் கறுப்புக் குச்சிகளையும் வைத்தார்கள் என்பதால், இந்த வழி புதியதன்று.

கூட்டலில் சிரமமே இல்லை: (−5) + 3 என்றால் மூன்று இணைகள் நீங்கி இரண்டு சிவப்பு எஞ்சும். பெட்டியின் உண்மையான அருமை கழித்தலில்தான் தெரிகிறது. 3 − (−2) என்ற கணக்குக்கு மூன்று நீலச் சில்லுகளை வைத்தவள், எடுப்பதற்குச் சிவப்பே இல்லையே என்று திகைத்தாள். மதிப்பு மாறாதபடி இரண்டு பூச்சிய இணைகளைச் சேர்க்கச் சொன்னதும், அவற்றின் சிவப்பை மட்டும் எடுத்துவிட்டு, மீந்த ஐந்து நீலத்தையும் இருமுறை எண்ணிப் பார்த்தாள். ‘மைனஸும் மைனஸும் பிளஸ்’ என்று மனப்பாடம் செய்திருந்த வரிக்கு அன்றுதான் அவளுக்குக் காரணம் கிடைத்தது.

ஆனால், இருபது சில்லுகள் போதவில்லை. 7 − 19 என்ற கணக்கை இதே முறையில் செய்ய ஏழு நீலத்துடன் பன்னிரண்டு இணைகள், அதாவது மொத்தம் 31 சில்லுகள் வேண்டும். எனக்குப் பெரிதும் வருத்தமளித்தது கையேடுதான்; பூச்சிய இணையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், ‘குறியை மாற்றிக் கூட்டுக’ என்று மட்டுமே அதில் அச்சிட்டிருக்கிறார்கள். அருகில் அமர்ந்து விளக்க ஒருவர் இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.