சின்ன கம்பெனி இயர்பட்ஸா, பெரிய கம்பெனியா?

ராயபுரத்தில் ரயிலிலிருந்து இறங்கிய நெரிசலில் என் இடது பட்ஸ் தண்டவாளத்தில் விழுந்தது. சின்ன கம்பெனி சரக்கு. ஒற்றைக் காதுக்கு மாற்று கிடையாது. ஆப்பிளில் ஒன்றை மட்டும் வாங்கலாம். ஆனால் அந்த விலைக்குச் சின்னதில் இரண்டு செட்டே வாங்கிவிடலாம்!

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளின் உறுமலைப் பெரிய கம்பெனிகளின் இரைச்சல் நீக்கம் நன்றாகவே அமுக்குகிறது. ஹாரன் மட்டும் எதிலும் அடங்காது. போனில் பேசும்போது நம் குரலைப் பிரித்தெடுப்பதிலும் பெரியவைதான் மேல்.

பேட்டரி? இரண்டுமே சில வருடங்களில் தேய்ந்துவிடும்.

பாட்டு மட்டும்தான் என்றால் சின்னது போதும், சரி. நாள் முழுக்க ஆபீஸ் அழைப்பு என்றால் பெரியது. நான் மறுபடி சின்னதைத்தான் வாங்கினேன், ரயில் அதேதானே.