பேஸ்மேக்கர் இருப்பவருக்குக் கேட்காமலே 'கரண்ட்' வைத்த பிசியோதெரபி சென்டர்

அப்பாவுக்குத் தோள்பட்டை இறுகி, கையைத் தூக்க முடியாமல் போனது. எங்கள் பகுதியில் இருக்கும் ஒரு பிசியோதெரபி சென்டருக்கு அழைத்துப் போனேன். சட்டையைக் கழற்றினாலே இடது காறை எலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்த மேடு தெரியும். அதிலிருந்து நான்கு விரல் தள்ளி டென்ஸ் (வலியைக் குறைக்கத் தோல் வழியாகச் சின்னச் சின்ன மின்துடிப்புகளை அனுப்பும் மெஷின்) பட்டைகளை ஒட்டி, மெஷினைப் போட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்கள். இதயத்தில் பிரச்சினை உண்டா, உடம்புக்குள் ஏதாவது கருவி உண்டா என்று ஒரு கேள்வி இல்லை. பட்டையின் பசை காய்ந்து, முன்பு படுத்தவரின் முடி அதில் ஒட்டியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அப்பா "தலை சுத்துதும்மா" என்றார். நிறுத்தச் சொன்னேன். "சின்ன கரண்ட்தான் மேடம், ஒண்ணும் ஆகாது" என்பதுதான் பதில்.

ஆகும். டென்ஸ் அனுப்பும் துடிப்புகளை இதயம் தானாகத் துடிப்பதாக எண்ணி பேஸ்மேக்கர் தன் வேலையை நிறுத்திவிடக்கூடும். ஐசிடி, அதாவது ஆபத்தான இதயத் துடிப்பை ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி, வைத்தவர்களுக்கு அது தேவையில்லாமல் ஷாக்கே கொடுத்துவிடலாம். இதய மருத்துவர் சம்மதிக்காமல் இவர்களுக்கு டென்ஸ் வைக்கவே கூடாது. மறுநாள் அப்பாவின் கருவியைச் சோதித்த மருத்துவர் பழுதில்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

இதைவிடப் பயங்கரமானது டயாதெர்மி என்கிற சூட்டு சிகிச்சை. மூளையிலோ தண்டுவடத்திலோ நரம்பைத் தூண்டும் கருவி வைத்தவர்களுக்கு அதைக் கொடுத்தால், உள்ளே இருக்கும் கம்பி முனை சூடாகி சதையையே பொசுக்கிவிடும். மூளைக்குள் கருவி வைத்திருந்த நோயாளிகள் டயாதெர்மிக்குப் பின் இறந்ததால், 2002-ல் அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்டிஏ எச்சரிக்கையே வெளியிட்டது. கருவியை அணைத்து வைத்தாலும் ஆபத்துதான்.

சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களும் கவனிக்க வேண்டும். பசை காய்ந்த பட்டையில் மின்சாரம் ஒரே இடத்தில் பாய்ந்து தோல் வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. கழுத்தின் முன்பக்கம் டென்ஸ் பட்டையை ஒட்ட விடாதீர்கள், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். கர்ப்பிணிகளுக்கு வயிற்றிலும் இடுப்பிலும் வேண்டாம். அப்புறம், பேஸ்மேக்கர் அட்டையை எப்போதும் கையில் வைத்திருங்கள், படுக்கும் முன்பே காட்டுங்கள்.

அதே சென்டர் முதல் நாளே எங்களிடம் வீட்டுக்கு ஒரு டென்ஸ் மெஷினையும் விற்றிருந்தது. உள்ளே விளக்கக் குறிப்புகூட இல்லை. திருப்பிக் கொடுத்தால் பணம் தர மாட்டார்களாம். எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.